துப்பும் கோப்பை

முதல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோகிறேன், குமட்டுகிறது. ஸ்தோத்திரம். குமட்டலுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிற பெண் இந்தச் சென்னையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், ஆனாலும் ஸ்தோத்திரம், வாயில் ஊறுகிற இந்தப் புளித்த எச்சிலுக்கும் ஸ்தோத்திரம். செர்ரி வாசனை. கேக்கின்மேல் வைக்கிற சிவப்புச் சர்க்கரை உருண்டை இல்லை, நிஜச் செர்ரி, கொட்டையைக் கடித்துவிட்டால் வருகிற கசப்போடு. வல்போலிச்செல்லா. வட இத்தாலியில் வெரோனா ஊருக்கு மேலே இருக்கிற குன்றுகளில் விளைவது. மேஜையில் வரிசையாக வரப்போகிற ஐந்தில் இதுதான் ஒல்லி, மற்றதெல்லாம் போகப் போகக் கனக்கும். எதிரே ஜி.எம். சந்தானகிருஷ்ணன் கிளாஸைச் சுழற்றுகிறார், இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழற்றினால் வெள்ளைச் சட்டை அம்பேல். பக்கத்தில் செஃப் கலியமூர்த்தி, காரைக்கால்காரர், மூக்கைக் கிளாஸுக்குள் விட்டவர் அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டார். மேஜையின் தலைமாட்டில் பியெத்ரோ, தன் தோட்டத்து ஒயினோடு இத்தாலியிலிருந்து வந்திருக்கிற பெரியவர். அடுத்த மாதம் எங்கள் ஓட்டலில் திறக்கப்போகிற இத்தாலிய ரெஸ்டாரண்டுக்கு எந்த ஒயின், எது வேண்டாம் என்று இன்றைக்கு முடிவாக வேண்டும். ஹெப்சிபா மேடத்தின் மூக்கு என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு என்று ஜி.எம். என்னை அறிமுகப்படுத்தியபோது பெரியவர் என் மூக்கை மரியாதையாகப் பார்த்தார். அந்த மூக்கு இன்றைக்கு ஒயினுக்காக வரவில்லை என்பது இந்த அறையில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

குமட்டியதா, நானாகக் குமட்ட வைத்துக்கொண்டேனா. இல்லை, குமட்டியது. எச்சில் ஊறியதே, அது பொய்யா. இந்த ஒரு மாதமாக என் மூக்கு ஊர் மூக்காகிவிட்டது, மூன்றாவது மாடியில் ஒருத்தி தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு லிஃப்டில் போயிருந்தால் தரைத்தளத்தில் நான் வாயைப் பொத்திக்கொள்வேன். பக்கத்து வீட்டில் கருவாடு வாணலியில் விழுமுன்னே எனக்குத் தெரிந்துவிடும். உள்ளே ஒரு பட்டாணி அளவு உயிர் உட்கார்ந்துகொண்டு என் மூக்கைத் தன் மூக்காக்கிக்கொண்டு ஊரையே முகர்ந்து பார்க்கிறது என்று எட்வினிடம் சொன்னேன், அவன் சிரித்தான், பிறகு சிரித்ததற்காகப் பயந்து நிறுத்தினான். இந்தத் தடவை நாங்கள் இருவரும் எதற்கும் முழுசாகச் சிரிப்பதில்லை. இன்று காலை பல் துலக்கினேன். துலக்கி, கொப்பளித்து, முகம் துடைத்து, சீப்பைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது, ஓங்கரிக்கவே இல்லை. பேஸ்ட் வாசனைக்குத் தினமும் குடலே வெளியே வருகிற மாதிரி எடுப்பேனே, இன்றைக்கு அது வெறும் பேஸ்ட்டாக இருந்தது. அடுப்படியிலிருந்து எட்வின் குரல் கொடுத்தான், "என்ன ஹெப்சி, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?" மெதுவாக எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். வாந்தியில் மெதுவான வாந்தி ஒன்று உண்டா, அவனும் கேட்கவில்லை, தோசையைத் திருப்பிப் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆகவேதான் இங்கே வந்தேன். லீவு போட்டிருக்கலாம், ஆனால் ஐந்து ஒயின், வட இத்தாலியின் ஐந்து சிவப்பு ஒயின், அதைவிட வாசனையுள்ள எதை நான் வீட்டில் போய்த் தேடுவது.

கிளாஸைச் சாய்த்து ஒரு வாய் எடுத்து, நாக்கின் இரண்டு பக்கமும் உருட்டி, கோப்பையில் துப்புகிறேன். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கறுப்புக் கோப்பை, மூடி போட்டது, துப்புவதற்கென்றே. வாயில் ஊற்றிக்கொண்டு துப்புவதையா வேலை என்று சொல்லிக்கொண்டு திரிகிறாய் என்று நாசரேத்தில் என் மாமியார் கேட்டிருக்கிறார்கள். அத்தை கிறிஸ்துமஸுக்குப் பன்னீர் திராட்சையில் ஜாடியில் ஒயின் போடுகிறவர்கள்தான், ஆனால் அது கேக்கோடு போகிற ஒயின், இது ஓட்டல் ஒயின். எட்வின் அதைவிட ஒருபடி மேல். வாயிலேயே வைக்காதே, மோந்து மட்டும் பார் என்று சத்தியம் வாங்கினான். மோந்து மட்டும் பார்த்தால் செஃப் கண்டுபிடித்துவிடுவார், ஐந்து பெண்ணைப் பெற்ற மனுஷன், முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆகவே வாயில் வைக்கிறேன், துப்புகிறேன், தண்ணீரில் கொப்பளிக்கிறேன், அதையும் துப்புகிறேன், நாக்கைத் துடைக்கிற மாதிரி ஒரு ரொட்டித் துண்டைக் கடித்து அதையும் டிஷ்யூவில் துப்புகிறேன். சுத்தமாகத் துப்புகிறேன் எட்வின், ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. முதல் தடவை நான் துப்பவேண்டிய வேலையே இருக்கவில்லை, லீவில்தான் இருந்தேன், படுக்கையில்தான் இருந்தேன், அப்போதும் போனது. அத்தை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அந்த வேலைதான் காரணம் என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள், சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. முதல் தடவை சபை முழுக்கச் சொல்லியிருந்தோம், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் பேர் சொல்லி ஜெபித்தார்கள், பிறகு அதே ஆட்கள் வரிசையாக வீட்டுக்கு வந்து கர்த்தருடைய சித்தம் என்று கையைப் பிடித்தார்கள். அன்றைக்கு அத்தை சொன்னார்கள், இனி ஒன்று தங்கினால் மூன்று மாசம் திகையட்டும், அதுவரை ஒரு ஈ காக்காய்க்கும் தெரியக்கூடாது என்று. அத்தைக்கே தெரியாமல் இந்தத் தடவை அத்தை பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது ரிப்பாஸோ. கனமான ஒயினுக்குப் பிழிந்தெடுத்த திராட்சைச் சக்கையின்மேல் இளைத்த ஒயினை மறுபடி ஊற்றி, மறுபடி பொங்கவிட்டு எடுப்பது. ஜி.எம்.முக்குப் புரிய வேண்டுமே என்று இரண்டாம் டிகாக்‌ஷன் என்கிறேன், அவர் ரொம்பத் தெளிவாகிவிட்டார். பியெத்ரோவுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னால் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இரண்டாம் தடவை ஊற்றினாலும் பொங்குகிறது, சக்கையில் அவ்வளவு மிச்சம் இருக்கிறது, அப்படியிருக்கும்போது மூன்றாம் தடவை ஏன் பொங்காது, இது என்ன பைத்தியக்கார யோசனை, முகர்ந்து பார். முகர்கிறேன். பிளம் இருக்கிறது. பிளம்மும், கொஞ்சம் மிளகும். இருக்கிறது, கண்டிப்பாக இருக்கிறது. ஆனால் குமட்டவில்லை. குமட்ட வேண்டும் என்று சட்டமா, எல்லா வாசனைக்குமா குமட்டும், நேற்று ரோஜா வாசனைக்குக் குமட்டவில்லையே. நேற்று ரோஜாவை எங்கே முகர்ந்தேன். முகரவே இல்லை. முந்தாநாள். ஏசிக்காரன் குளிரை இந்த அறையில் கொட்டி வைத்திருக்கிறான், குளிர்ந்தால் ஒயின் வாயை மூடிக்கொள்ளும், இது பாலபாடம். உள்ளங்கையில் கிளாஸைப் பொத்திச் சூடாக்குகிறேன். சூடாகிற வரைக்கும் காத்திருக்கிறேன். பிளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஒரு படி ஏறி வரவில்லை. துப்பிவிட்டு ஜி.எம்.மிடம் நன்றாக இருக்கிறது, பட்டியலில் போடலாம் என்கிறேன்.

பியெத்ரோ தன் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறார், கடைசியில் ஊற்றப்போகிற ஒயின் அவருடையது, அமரோனே. திராட்சையைப் பறித்ததும் பிழிய மாட்டார்களாம். மேல்மாடியில் மூங்கில் தட்டிகளில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, நாலு பக்கமும் ஜன்னலைத் திறந்து காற்றில் காயப்போடுவார்களாம், மூன்று மாசம், சில வருஷம் நாலு. பழம் பாதியாகச் சுருங்கிவிடும். அவர் மனைவி தினமும் மாடி ஏறிப்போய் ஒவ்வொரு குலையாகத் திருப்பிப் பார்ப்பாராம், ஒரு பழத்தில் பூசணம் பூத்துவிட்டால் பக்கத்துப் பழத்துக்குத் தெரியுமுன்னே அதைக் கிள்ளி எறிய வேண்டும். அந்த மூன்று மாசமும் அவர்கள் வீட்டில் யாரும் இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. வெளியாட்கள் கேட்டால், தபால்காரர் கேட்டால்கூட, பார்க்கலாம் என்றுதான் பதில். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தானாம். ஒரு வருஷம் மருமகன் ஒருவன் நல்லா வந்திருக்கே என்று விருந்தில் சொல்லிவிட்டான், அந்த வாரமே மழை ஈரம் மாடிக்குள் புகுந்து எல்லாத் தட்டியும் பூசணம் பிடித்தது, மருமகனோடு அவர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஜி.எம். சிரிக்கிறார். செஃப் நம்ம ஊர் மாதிரியேதான் இருக்கு என்கிறார். எனக்கு அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. தினமும் மாடி ஏறித் திருப்பிப் பார்க்கிறார்களே, திருப்பிப் பார்க்க முடிகிறதே, அது எவ்வளவு பெரிய கொடுப்பினை. எனக்கு ஏறிப்போய்ப் பார்க்க மாடி இல்லை, திங்கட்கிழமை ஸ்கேன், அதுவரை எனக்கு இருக்கிற ஒரே ஜன்னல் இந்த மூக்குதான்.

மூன்றாவது பார்பெரா, நல்ல கறுஞ்சிவப்பு, நாக்கில் புளி மாதிரிச் சுருக்கென்று ஏறும். மூக்கில் ஏறவில்லை. மூக்கு களைத்துவிட்டதா, களைக்கும், அப்படிக் களைத்தால் சொந்த முழங்கையின் உட்புறத்தை முகர்ந்துகொள்வது எங்கள் தொழிலில் வழக்கம், சொந்த வாசனை மூக்கைத் திரும்பச் சமன்படுத்தும். முகர்கிறேன். போன வாரம் இதே முழங்கையில் இருந்து சோப்பும் வியர்வையும் காலையில் தாளித்த கடுகும் தனித்தனியாக வந்து முகத்தில் அடித்தன. இன்றைக்குக் கை வாசனை. வெறும் கை. திரும்பக் கிளாஸ், திரும்பக் கை, செஃப் ஓரக்கண்ணால் பார்க்கிறார், பார்த்தால் பார்க்கட்டும். தூரத்தில் ஏதோ ஒரு பழம், அடுத்த அறையில் யாரோ உரித்துத் தின்கிற மாதிரி. சைதாப்பேட்டை ஞாபகம் வேண்டாம். வேண்டாம் என்றால் அது நிற்குமா. இரண்டாம் தடவை மின்சார ரயிலில் என் முன்னால் நின்ற அம்மாள் தலையில் இரண்டு முழம் மல்லிகை, மாம்பலத்தில் ஏறியதிலிருந்து அந்த வாசனையில் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன், வாயில் கைக்குட்டை, யாராவது ஜன்னலோரம் இடம் விட மாட்டார்களா என்று அழுகை. சைதாப்பேட்டை தாண்டியதும் திடீரென்று மல்லிகை நன்றாக இருந்தது. அவ்வளவுதான். வெறும் மல்லிகை, எல்லாப் பெண்களும் ஆசைப்படுகிற மல்லிகை. கைக்குட்டையை எடுத்துவிட்டு மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன், கிண்டியில் இறங்காமல், பரங்கிமலையில் இறங்காமல், பிளாட்பாரத்தில் சாக்கடை நாறுகிறதா, பீடி நாறுகிறதா என்று பிச்சைக்காரி மாதிரி நாற்றம் தேடிக்கொண்டு தாம்பரம் வரை போனேன். டாக்டரம்மா பிறகு சொன்னார்கள், வாசனைக்கும் அதற்கும் அப்படியெல்லாம் முடிச்சுப் போடக்கூடாது, சிலருக்குச் சும்மாவே மசக்கை விட்டுவிடும் என்று. சிலருக்கு. நான் இரண்டு தடவையும் சிலரில் இல்லை.

இந்த மூக்கால்தான் சாப்பிடுகிறேன். திடப்படுத்தல் ஆராதனையில் முதன்முதலாகத் திராட்சரசப் பாத்திரத்தில் உதடு வைத்தபோதே குருவானவரிடம் இது புளித்துப்போச்சு ஐயா என்று சொன்னவள் நான், பாவாடை கட்டின வயசில். கோவில் முழுக்க வெள்ளை உடுப்பில் பிள்ளைகள், குருவானவர் முகம் சிவந்து, குடி என்று கிசுகிசுத்தார். வீட்டில் நல்ல அடி. ஆனால் புளித்துத்தான் போயிருந்தது, அடுத்த வாரம் கோவில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை பாட்டிலைக் கொட்டினதை நான் பார்த்தேன். இந்த ஓட்டலிலும் கெட்ட பாட்டிலைக் கண்டுபிடிப்பதில்தான் எனக்குப் பேர். கார்க்கில் பூசணம் ஏறி ஒயினைக் கெடுத்திருந்தால் மற்றவர்களுக்கு ஒரு வாய் குடித்த பிறகுதான் சந்தேகம் வரும், எனக்குக் கார்க்கை இழுக்கும்போதே நனைந்த சாக்கு வாசனை வந்துவிடும். மசக்கையில் அது பத்து மடங்காயிற்று, போன வாரம் பாட்டிலைத் திறக்காமலே ஒன்றை ஒதுக்கி வைத்தேன், திறந்து பார்த்தால் நான் சொன்னதுதான். அன்றைக்கு எவ்வளவு கர்வமாக இருந்தது. இது என்னுடைய சாமர்த்தியம் இல்லை, உள்ளே இருக்கிற ஆளுடையது, இப்போதே அம்மாவோடு வேலைக்கு வருகிறது என்று லாக்கர் ரூமில் தனியாக நின்று சிரித்தேன். முழுசாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை மட்டும் யாராவது திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களா.

நாலாவது பரோலோ. ஊற்றியாயிற்று. பார்வைக்கு வெளுத்த சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம், இதைப் பார்த்துச் சாதுவென்று நினைத்தால் ஏமாந்துபோவோம். முகர்கிறேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. சளி பிடித்திருக்கிறது, நேற்று இரவு தலைக்குக் குளித்தேன், ஈரத் தலையோடு படுக்காதே என்று எட்வின் சொன்னான். சளி என்றால் மூக்கு அடைத்திருக்க வேண்டுமே, மூச்சு நன்றாக ஓடுகிறது, இவ்வளவு நன்றாக மூச்சு விட்டு எத்தனை நாள் ஆயிற்று. ஆண்டவரே, ஒரு நாற்றத்தைக் கொடும். அழுகின முட்டை கொடும், கூவம் கொடும், செஃப்பின் கால்சாக்ஸைக் கொடும், நான் இங்கேயே மேஜைமேல் வாந்தியெடுத்து வேலையை விட்டு அனுப்பப்பட்டாலும் சரி. இடுப்பு வலிக்கிறதா. உட்கார்ந்தே இருப்பதால். எழுந்து பாத்ரூமுக்குப் போய்வரலாம், போனால் பார்க்க வேண்டியிருக்கும், பார்த்தால் ஏதாவது இருக்கும், போக மாட்டேன், இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை எதுவும் நடக்கவில்லை. "சொல்லுங்க ஹெப்சி," என்கிறார் ஜி.எம். வாய் தானாகத் திறக்கிறது. ரோஜா என்கிறேன், காய்ந்த ரோஜா இதழ், அதன் பின்னால் வெயிலில் உருகின தார், கொஞ்சம் அதிமதுரம். பரோலோவுக்கு எல்லாரும் சொல்வது, பத்து வருஷமாக நானே சொல்வது. பியெத்ரோ கண்ணை மூடித் தலையாட்டுகிறார், செஃப் ஆமாம், தார் என்கிறார். அவர்களுக்கெல்லாம் வருகிறது. எனக்குக் கிளாஸுக்குள் கிளாஸின் வாசனைதான். துப்பும்போது மூடியில் பட்டுச் சிதறி வெள்ளை விரிப்பில் விழுகிறது, சிவப்பு, நான் அதன்மேல் சட்டென்று கைக்குட்டையைப் போட்டு மூடுகிறேன்.

பரோட்டா ஞாபகமும் வருகிறது, வரட்டும், எல்லாம் வந்து தொலையட்டும். முதல் தடவை. ஒரு மாதம் சோற்றைக் கண்ணால் பார்க்காமல் கிடந்தவள் ஒரு சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து எட்வினிடம் பசிக்கிறது என்றேன். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பல்லாவரம் போய்ப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக்கொண்டு பறந்து வந்தான். வெங்காய வாசனை, பட்டை கிராம்பு வாசனை, எண்ணெய், எல்லாம் நன்றாக இருந்தது, பிய்த்துப் பிய்த்துத் தின்றேன், சால்னாவைக் கையில் வழித்து நக்கினேன். அவன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீ இல்ல ஹெப்சி, பிள்ளைக்குப் பசிக்கு," என்றான். அப்படியும் நம்பினோம். இரண்டு பேரும் நம்பினோம். ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டபோது எனக்கு வாயில் இன்னும் அந்தச் சால்னா ருசி இருந்தது. அது போன பிறகுதான் எனக்குப் பசித்திருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லாமல் நானே கண்டுபிடித்தேன். எட்வினிடம் அதை இன்றுவரை சொல்லவில்லை, அந்த ஒரு சாயங்காலமாவது அவனுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்தாவது. அமரோனே. பெரியவர் தன் கையால் பாட்டிலை என் முன்னால் வைக்கிறார், நான்தான் திறக்க வேண்டும், விருந்து வைக்கிறவர்கள் திறப்பது முறை. கார்க்கை இழுக்கிறேன், மூக்கில் வைத்துப் பார்க்கிறேன். திறக்கிறவர் முதலில் கொஞ்சம் ஊற்றிச் சோதித்துத் தலையசைத்தால்தான் மற்றவர்களுக்கு ஊற்றலாம். ஊற்றுகிறேன், முகர்கிறேன், பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், மூன்று மாசம் மாடி ஏறி இறங்கின அந்த மனைவிக்காகவும் சேர்த்துப் பார்க்கிறார். ஒன்றும் வரவில்லை. பரவாயில்லை, எனக்குத்தான் வரவில்லை, ஒயின் என்ன செய்யும். தலையசைக்கிறேன். எல்லாருக்கும் ஊற்றுகிறேன். அவர்கள் கிளாஸைத் தூக்குமுன்னே பேச ஆரம்பித்துவிடுகிறேன், நிறுத்தினால் அழுதுவிடுவேன். உலர்ந்த செர்ரி, கிஸ்மிஸ், கறுப்புச் சாக்லெட், புகையிலை, இவ்வளவு கனமான ஒயினில் இவ்வளவு சுத்தத்தை நான் பார்த்ததில்லை, பட்டியலின் தலையில் இதுதான் இருக்க வேண்டும். நன்றாகவே பேசுகிறேன். பேசி முடிக்கிறேன். செஃப் கிளாஸைக் கீழே வைத்து விரிப்பைப் பார்க்கிறார். பெரியவர் என்னைப் பார்க்காமல் தன் விரல்களைப் பார்க்கிறார். ஜி.எம்.தான், ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், தயங்கித் தயங்கிக் கேட்கிறார், "தப்பா நெனச்சுக்காதீங்க ஹெப்சி, எனக்கு மட்டும்தானா... மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி ஒரு வாடை வருது."

சாக்கு. சாக்கு என்று யார் வாயிலிருந்து வருகிறது பாருங்கள். செஃப் மெதுவாக ஆமாம் மேடம், கார்க் போயிருக்கு, நீங்க சொன்னதால நான் பேசாம இருந்தேன் என்கிறார். பெரியவர் இரண்டு கையையும் தூக்கி, கார்க் என்றால் அப்படித்தான், ஆயிரத்தில் சில போகும், தப்பு தன்னுடையது என்கிறார், நான் நெளியக்கூடாதென்று அவர் நெளிகிறார். மூன்று பேருக்கும் அடித்த நாற்றம். கிளாஸை எடுத்து மூக்கை உள்ளே விட்டு, கண்ணில் நீர் வருமளவு இழுக்கிறேன், ஒரு நூல், ஒரு இழை சாக்கு, ஒரு மூலையில் ஈரம், எங்கேயாவது இருக்கட்டும். கெட்ட கார்க் மூக்கையே மரத்துப்போக வைக்கும் என்று படித்திருக்கிறேன், அப்படியிருக்கலாம், அதனால்தான். இவர்கள் மூக்கு ஏன் மரக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்துவிட்டது ஆண்டவரே, எனக்கு முன்னால் அவர்கள் மூவருக்கும் தெரிந்துவிட்டது, என்ன தெரிந்தது என்று தெரியாமலே தெரிந்துவிட்டது, நான் ஒருத்திதான் கடைசி. அழக்கூடாது, ஒரு பாட்டில் ஒயினுக்காக அழுகிறாள் என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும், இல்லை, அழக்கூடாது, அழுதால் ஒத்துக்கொண்ட மாதிரி.

பெரியவர் இன்னொரு பாட்டிலைத் தானே திறக்கிறார், தானே முகர்ந்து, தானே தலையசைத்து, எனக்கு முதலில் ஊற்றுகிறார். மூக்கில் வைக்காமல் நேராக வாயில் ஊற்றிக்கொள்கிறேன், வாய் நிறைய. சூடு, இனிப்பு, கடைசியில் ஒரு கசப்பு, நாக்கு எல்லாவற்றையும் சரியாகத்தான் சொல்கிறது. அந்த நேரம் பார்த்து கிளாஸ் எடுக்க ஒருவர் கதவைத் திறக்கிறார், கதவோடு ஸ்டாஃப் கேன்டீன் உள்ளே வருகிறது. தினமும் இந்த வாசனைக்குத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் ஓடுவேன். சாம்பார். மத்தி வறுக்கிறார்கள். நல்ல மத்தி, மஞ்சளும் மிளகாயும் தடவி, கறிவேப்பிலை போட்டு, ஓரம் மொறுமொறுவென்று. வயிறு சத்தம் போடுகிறது. அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, நீளமாக, வெட்கமில்லாமல். இறுக்கம் கலைந்ததில் செஃப் வாய்விட்டுச் சிரிக்கிறார். "மேடத்துக்குப் பசி வந்துடுச்சு சார். சாப்ட்டுட்டு வந்து மிச்சத்தப் பேசுவோம்." ஜி.எம்.மும் சிரிக்கிறார். பெரியவர் மொழி தெரியாமலே வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறார். எனக்குப் பசிக்கிறது. ஆமாம், நன்றாகப் பசிக்கிறது, சுடுசோறும் அந்த மத்தியும் இப்போதே வேண்டும் போலப் பசிக்கிறது. வாயில் ஒயின் அப்படியே இருக்கிறது, சூடேறிக்கொண்டே இருக்கிறது. முழுங்கிவிடலாம். யாருக்காகத் துப்ப வேண்டும். தொண்டை கேட்கிறது, ஒரு தடவை திறந்தால் போதும், நேராக இறங்கி எல்லா இடத்தையும் மரக்க வைக்கும், இனி யார் வந்து சண்டை போடப்போகிறார்கள். "அப்ப இந்த ஒயினு எப்படி ஹெப்சி, தேறுமா?" என்று கேட்டுவிட்டு ஜி.எம். காத்திருக்கிறார். கோப்பையை எடுக்கிறேன். மூடியைத் திறந்து, வாயை அதற்குள் வைத்து, நாக்கைச் சுருட்டி, பல்லிடுக்கில்கூடத் தங்காமல் துப்புகிறேன். தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்து அதையும் துப்புகிறேன், இன்னொரு தடவை கொப்பளித்து இன்னொரு தடவை துப்புகிறேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "பார்க்கலாம் சார்," என்கிறேன்.